ஃபோர்ட்ரானா, கோபாலா?

கணினியின் எண்மொழியைப் படிக்காமலே நிரல் எழுத வைத்த உயர்நிலை மொழிகளில் ஃபோர்ட்ரான் (FORTRAN), கோபால் (COBOL) இரண்டும் மூத்தவை. குணம்தான் வேறு.

ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழு உருவாக்கி 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் அறிவியல் கணக்குக்கானது. சூத்திரத்தை ஏறக்குறையக் காகிதத்தில் எழுதுவதுபோலவே எழுதலாம். கம்பைலர் என்ற மொழிமாற்றி நிரல் அதைக் கணினியின் எண்மொழிக்கு மாற்றிவிடும். எந்திரக் கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கக் குறியீட்டில் கையால் எழுதும் அசெம்பிளி மொழியின் வேகம் இதற்கு எங்கே வரப்போகிறது என்றவர்களை அந்தக் கம்பைலரே வாயடைக்க வைத்தது. வானிலைக் கணிப்பு நிரல்கள் பல இன்றும் இதில்தான் ஓடுகின்றன.

1959இல் உருவாகத் தொடங்கிய கோபால், கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் என்ற முந்தைய நிரல் மொழியிடம் நிறையக் கடன் வாங்கியது. வெறும் கூட்டலுக்குக்கூட 'ஆட்', 'கிவிங்' என்று ஆங்கில வாக்கியம். வளவளவென்றுதான் இருக்கும், எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் பைசா பிசகாத தசமக் கணக்குக்கு அதுதான் சரி. வங்கிகள் பல இன்னும் அதை விடவில்லை.