மான்டிசெல்லோ போகிறீர்களா? முதலில் அந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிவிடுங்கள்

சார்பதிவாளர் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். பழைய வீடு எதைப் பார்த்தாலும் தூணும் ஜன்னலும் கண்ணில் படாது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்றுதான் புத்தி போகும். அப்படிப்பட்டவர்களுக்கு வர்ஜீனியாவில் சார்லட்ஸ்வில் பக்கத்திலுள்ள மான்டிசெல்லோ நல்ல வேட்டை. மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் குன்றின் மேல் கட்டிய தோட்ட வீடு. ஐந்து சென்ட் நாணயத்தின் பின்பக்கம் இருப்பதும் இதுதான்.

வீட்டுக்குள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பது முன்கூடத்துக் கடிகாரத்தை. எடைக்குண்டு கீழே இறங்க இறங்க அது கிழமையைக் காட்டும். கயிற்றுக்கு உயரம் போதாமல் தரையில் ஓட்டை போட்டு, சனிக்கிழமையை நிலவறைக்கு அனுப்பிவிட்டார் மனிதர்! சரி, ரசித்துவிட்டு நகருங்கள். விஷயம் தெற்குப் பக்கத்து அறைகளில் இருக்கிறது.

1773இல் மாமனார் ஜான் வெய்ல்ஸ் இறந்தார். மனைவி மார்த்தா வழியாக ஜெஃபர்சனுக்குச் சுமார் 11,000 ஏக்கரும், 135 அடிமைகளும், கூடவே பெரிய கடனும் வந்து சேர்ந்தன. அந்த 135 பேரில் எலிசபெத் ஹெமிங்ஸும் அவர் பிள்ளைகளும் அடக்கம். பிள்ளைகளில் ஆறு பேருக்கு அப்பா அந்த வெய்ல்ஸேதான் என்பது ஹெமிங்ஸ் குடும்பத்தின் வாக்கு. ஆறில் கடைசி சாலி. அதாவது மார்த்தாவுக்குத் தகப்பன் வழித் தங்கை. ஆனால் அக்கா வாரிசு, தங்கை சொத்து. பிள்ளைக்குத் தாயின் நிலைதான் என்று வர்ஜீனியாவில் 1662லேயே சட்டம் போட்டாகிவிட்டது.

மார்த்தா 1782இல் காலமானார். அப்புறம் ஜெஃபர்சனுக்கும் சாலிக்கும் பிறந்து, பிழைத்து வளர்ந்தவர்கள் நாலு பேர்: பெவர்லி, ஹாரியட், மேடிசன், எஸ்டன். 1998 டிஎன்ஏ சோதனையில் எஸ்டன் வழி வந்தவர் ஜெஃபர்சன் ஆண் வழியோடு பொருந்தினார். எந்த ஜெஃபர்சன் என்று சோதனை மட்டும் சொல்லிவிடாது. மற்ற ஆவணங்களையும் சேர்த்து வைத்துத்தான் மான்டிசெல்லோவை நடத்தும் அறக்கட்டளை 2000இல் ஒப்புக்கொண்டது. 2018இல் சாலிக்குத் தனி அறை திறந்தார்கள். அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்ட ஒரு படம்கூடக் கிடையாது. அதனால் மேடிசன் 1873இல் ஒஹையோவில் ஒரு பத்திரிகைக்குச் சொன்ன வார்த்தைகளையே சுவரில் ஓடவிட்டிருக்கிறார்கள். கற்பனை முகம் ஒன்றை வரைந்து மாட்டாமல் விட்டார்களே, அதற்கே கும்பிடலாம்.

போவதற்கு முன், ஜெஃபர்சன் தன் கையால் எழுதிய பண்ணைக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. போர்வை இத்தனை, துணி இத்தனை, யாருக்கு எந்த வருஷம் பிள்ளை பிறந்தது என்று எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். சாலியின் பிள்ளைகள் தாய் பெயரின் கீழ் வருகிறார்கள். தகப்பன் பெயர் இல்லை. பெவர்லிக்கும் ஹாரியட்டுக்கும் நேரே, 1822இல் ஓடிப்போனதாகக் குறிப்பு. ஆனால் ஹாரியட்டுக்கு ஃபிலடெல்ஃபியா வரை வண்டிச் சத்தம் கட்டி, கையில் 50 டாலரும் கொடுத்து அனுப்பியது எஜமானர் சொல்லித்தான் என்று மேற்பார்வையாளர் எட்மண்ட் பேக்கன் பின்னால் சொல்லியிருக்கிறார். வழிச்செலவு கொடுத்து அனுப்பியதைத் தப்பியோட்டம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். சர்வீஸில் நானும் எத்தனையோ தில்லுமுல்லுப் பத்திரம் பார்த்தவன், இதற்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமேயில்லை.

அடிமைகளின் வாழ்க்கையைப் பற்றிய வழிகாட்டிச் சுற்று நடக்கும் நாளாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஜெஃபர்சன் இறந்தபின் அவர் அடிமைகளை விற்ற 1827 ஏலம் வரை கேட்டுவிடுங்கள்: அவர் உயிலில் விடுதலையான கொல்லர் ஜோசஃப் ஃபாசெட், தன் மனைவியையும் பிள்ளைகளையும் ஏலத்தில் விற்றதைப் பார்க்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது பஸ் ஏறாமல் நடந்தே இறங்குங்கள். வழியில் ஜெஃபர்சன் குடும்ப மயானம் வரும். அது இன்னும் மார்த்தா வழி வாரிசுகளின் சங்கத்துக்குச் சொந்தம். ஹெமிங்ஸ் வழியினரைச் சேர்ப்பதில்லை என்று 2002இல் வாக்கெடுத்து முடிவு செய்த சங்கம். அடிமைகளின் மயானம் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி இருக்கிறது. 40க்கு மேற்பட்ட குழிகள், எது யாருடையது என்று தெரியாது. வண்டியை எடுக்கிற அவசரத்தில் அதை விட்டுவிடாதீர்கள்.