ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்: தேடுவது இலவசம், திறந்தால்தான் காசு

என் மனைவியின் ஸ்காட்லாந்து முன்னோரைத் தேடிய கதை இது. அவள் தாத்தா வழிக் குடும்பப் பெயர் மென்ஸீஸ். எழுத்தில்தான் அப்படி, பழைய ஆட்கள் வாயில் அது மிங்கிஸ். பழைய ஸ்காட்ஸ் மொழியில் 'யோக்' என்று ஓர் எழுத்து இருந்தது, அச்சுக்காரர்களிடம் அது இல்லாததால் இசட்டைப் போட்டுச் சமாளித்துவிட்டார்கள். நம் ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதிவிட்டு நாம் படுகிற பாடுதான் அங்கேயும்.

முதலில் ஏமாந்த கதை. ஒரு பரிசுப்பொருள் கடையில் 'உங்கள் குடும்ப வரலாறு' என்று சட்டம் போட்ட காகிதம் ஒன்றை வாங்கினேன். அந்தப் பெயரில் யார் போய்க் கேட்டாலும் அதே காகிதம்தானாம்!

அப்புறம்தான் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்துக்கு வந்தேன், பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைத் தேடிப் பார்க்கும் இடம் அது. பெயரைப் போட்டுத் தேட காசு இல்லை. பதிவேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறக்கத்தான் முன்கூட்டியே காசு கட்டி கிரெடிட் வாங்க வேண்டும். நான் வாங்கியபோது 30 கிரெடிட் ஏழரைப் பவுண்டு, ஒரு பக்கத்துக்கு 6 கிரெடிட். முதல் நாளே அவசரப்பட்டு, பெயர் மட்டும் ஒத்துப்போன மூன்று அந்நியர்களின் ஞானஸ்நானத்தைக் காசு கொடுத்துப் பார்த்தேன், தப்பு என்னுடையதுதான். ஊர், வருடம், தாயின் பெயர் எல்லாவற்றையும் இலவசப் பட்டியலிலேயே சலித்துவிட்டு அப்புறம் திறங்கள். எழுத்து மாறினாலும் தேடிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட மறந்தால் மிங்கிஸ் என்று எழுதிவைத்த பாதிரியார் கண்ணிலேயே பட மாட்டார்.

காசுக்கு முழு மதிப்பு 1855-க்குப் பிறகுதான். அந்த வருடம் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றையும் அரசிடம் பதிவது கட்டாயமானது. இறப்புப் பதிவில் தாய், தந்தை இருவர் பெயரும் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு. ஒரே ஒரு இறப்புப் பதிவில் எனக்கு ஒரு தலைமுறை முழுதாகக் கிடைத்தது. தகவல் சொன்ன மகனுக்கு எழுதத் தெரியவில்லை போல, கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி, கொஞ்சம் சாய்வாக. அதைத் தட்டச்சுப் பட்டியலில் பார்க்க முடியாது, படத்தில்தான் பார்க்க முடியும். அந்த 6 கிரெடிட்டுக்கு நான் வருத்தப்படவே இல்லை. உங்கள் ஆள் 1855-லேயே பிறந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: பெற்றோரின் வயது, பிறந்த ஊர், கல்யாணத் தேதி வரை கேட்டு எழுதியிருப்பார்கள். வேலை அதிகம் என்று அடுத்த வருடமே குறைத்துவிட்டார்கள்.

1841 மக்கள்தொகைக் கணக்கின் வயதை மட்டும் நம்பாதீர்கள். பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் அதில் 30 ஆகிவிடுவார்.

அதற்கும் பின்னால் போனால் திருச்சபைப் பதிவேடுகள்தான். மிகப் பழையது எரல் ஊருடையது, 1553-இல் தொடங்குகிறது. ஆனால் எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை, பல இடங்களில் அடக்கம் பற்றி ஒரு வரிகூட இருக்காது. நாங்கள் 1790-களில் நிற்கிறோம். அங்கே ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு ஜான் மென்ஸீஸ், இருவர் மனைவி பெயரும் மார்கரெட். மீதி 12 கிரெடிட் இருக்கிறது, எந்த ஜானைத் திறப்பது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.