ஏற்காட்டு முகாமா, சேலத்து மாத வகுப்பா? தலைமைப் பயிற்சியில் சேர நினைக்கும் குடும்பங்களுக்கு

என் தம்பிக்கு மூளை முடக்குவாதம். வீல்சேரில் இருக்கிறான். பேச்சு மெதுவாக வரும், யோசனை வேகமாக ஓடும். மாற்றுத்திறனாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் துணை நிற்பவர்களுக்கும் என்று எங்கள் வட்டாரத்தில் நடக்கும் தலைமைப் பயிற்சிகளில் இரண்டு வகைக்கு அவனும் நானும் போய் வந்திருக்கிறோம். ஒன்று, ஏற்காட்டில் மூன்று நாள் தங்கி நடக்கும் முகாம். இன்னொன்று, சேலம் டவுனிலேயே மாதம் ஒரு சனி, ஞாயிறு என்று எட்டு மாதம் நடக்கும் வகுப்பு. இது போக ஜூம் வகுப்புகளும் இருக்கின்றன. எதில் சேரலாம் என்று சிறப்புப் பள்ளி வாசலிலும் பிசியோதெரபி அறை பெஞ்சிலும் என்னிடம் கேட்கிறார்கள். மாத வகுப்பில் சேருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. 2025-ல் தமிழ்நாடு சட்டப்பேரவை உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, மாநகராட்சியிலிருந்து கிராம ஊராட்சிவரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்த வழி செய்தது. தேர்தலில் நிற்கப் பணமும் ஆள்பலமும் இல்லாதவர்களுக்கும் மன்றத்தில் ஓர் இடம். போய் உட்கார்ந்துவிட்டால் போதாதே. எது தீர்மானம், எந்த மாதத்தில் பட்ஜெட், எந்தக் கேள்வியை எந்த அதிகாரியிடம் கேட்பது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பயிற்சிகள்.

பாடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அதில் வரும் 21 வகைக் குறைபாடுகள், அரசு வேலையில் 4 சதவீத, உயர்கல்வியில் 5 சதவீத இடஒதுக்கீடு, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, நேஷனல் டிரஸ்ட் சட்டம், அதன்படி பாதுகாவலர் நியமனம் எல்லாம் இரண்டிலும் உண்டு. சொல்லித் தருபவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். அதனால் பாடத்திட்ட நோட்டீஸை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

முதலில் ஏற்காட்டு முகாம். அதன் நல்லதைக் குறைத்துச் சொல்ல மனமில்லை. அம்மா பக்கத்தில் இல்லாமல் தம்பி ராத் தங்கியது அங்கேதான் முதல் தடவை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, போர்வையைப் போர்த்திக்கொண்டு, அவனைப் போன்ற பையன்கள் கல்யாணம், வேலை, கையில் காசு என்று பேசிய பேச்சை எந்த வகுப்பறையிலும் கேட்க முடியாது. கூட வந்த அம்மாக்களில் பலர் வருஷக்கணக்கில் ஓர் இரவு முழுதாகத் தூங்காதவர்கள். மலைக்காற்று அவர்களுக்குச் செய்த நன்மையைக் கண்ணால் பார்த்தேன்.

சிரமங்களும் இருக்கின்றன. சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும் 20 கொண்டை ஊசி வளைவுகள். உட்கார்ந்தால் உடம்பை நேராக நிறுத்த முடியாதவர்களை ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே போனால் குளிர். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்குக் குளிரில் தசை இன்னும் இறுகும், காலையில் கிளம்பவே நேரம் பிடிக்கும். கோடை விழா சமயத்திலோ சனி, ஞாயிறிலோ போனால் வண்டி நெரிசல் வேறு. நாங்கள் தங்கிய விடுதியில் சாப்பாட்டு அறைக்கு நான்கு படி, கழிப்பறைக் கதவில் வீல்சேர் நுழையாது. டவுனில் தன் வேலையில் பாதியைத் தானே பார்த்துக்கொள்ளும் தம்பியை அங்கே சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். சுயமாக முடிவெடுப்பது பற்றிய பாடத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

கூலி இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவரோ செவ்வாப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகும் அம்மாவோ மூன்று நாளைச் சேர்ந்தாற்போல் விட முடியாது. முகாமுக்குப் பணம் கட்ட ஆள் இருந்தாலும் அந்த நாள்களின் கூலியை யாரும் தருவதில்லை.

இவ்வளவும் சரிசெய்யக்கூடியவை. நல்ல கட்டடம் பிடிக்கலாம், வண்டி ஏற்பாடு செய்யலாம், கூலிக்கு ஈடு தரலாம். இதெல்லாம் நடந்தாலும் நான் மாத வகுப்பைத்தான் சொல்வேன். காரணம், இரண்டு வகுப்புக்கும் நடுவே கிடைக்கும் அந்த ஒரு மாதம்.

எட்டு மாதம் என்ற முறைக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1987-ல் 'பார்ட்னர்ஸ் இன் பாலிசிமேக்கிங்' என்ற பயிற்சி தொடங்கியது. வளர்ச்சிசார் குறைபாடு உள்ள பெரியவர்களும், அப்படிப்பட்ட சிறு குழந்தைகளின் பெற்றோரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள். மாதம் 2 நாள், 8 மாதம், நடுவில் வீட்டுப்பாடம். சட்டம் செய்பவர்களை நேரில் பார்த்துப் பேசுவதும் பாடத்தில் ஒன்று. பிறகு அது பல மாநிலங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் பரவியது. எங்கள் வகுப்பை நடத்துபவர்கள் எடுத்துக்கொண்ட அச்சும் அதுதான்.

அந்த வீட்டுப்பாடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஓர் அரசுக் கட்டடம், வாசலில் சாய்தளம் உண்டு. ஆனால் தம்பியால் ஏற முடியாது. ஏன் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை, "செங்குத்தா இருக்கு" என்போம். முதல் மாதப் பாடத்தில் அளவு சொல்லித் தந்தார்கள். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும், ஒன்றுக்குப் பன்னிரண்டு. போய் டேப் வைத்து அளந்து வாருங்கள் என்றார்கள். தம்பி டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள நான் இழுத்து அளந்தேன். ஓர் அடி உயரத்துக்கு நான்கு அடி நீளம் போட்டிருந்தார்கள். வீல்சேரின் முன்சக்கரம் ஏன் மேலே தூக்குகிறது என்று அன்றைக்குத்தான் பிடிபட்டது.

அடுத்த வகுப்பில் அந்த அளவை வைத்து மனு எழுதினோம். பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்களை விதிகள் வந்த 5 ஆண்டுக்குள் மாற்றுத்திறனாளிகள் புழங்கும்படி சரிசெய்ய வேண்டும் என்று 2016 சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில், கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. இந்த நான்கு வரியைத் தம்பியே செல்போனில் தட்டினான். கொடுக்கப் போன அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் வழக்கம்போல் என் முகத்தைப் பார்த்து, "தம்பிக்கு என்னம்மா வேணும்?" என்றார். வகுப்பில் இதற்கு ஒத்திகை பார்த்திருந்தோம். துணைக்கு வருபவர் வீல்சேருக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது, ஒரு எட்டு பின்னால் நிற்க வேண்டும், கேள்வி வந்தால் வாயைத் திறக்காமல் வீல்சேரில் இருப்பவரைப் பார்க்க வேண்டும். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் மூச்சை இழுத்துப் பிடித்து, "என்னக் கேளுங்க சார். மனு எழுதுனது நான்" என்றான். சொல்லி முடிக்க நேரம் ஆனது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுதும் கேட்டார். பேசாமல் நிற்பது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை அக்கா, தங்கைகளுக்கும் அம்மாக்களுக்கும் சொல்லத் தேவையில்லை.

மனுவுக்குப் பதில் வந்தது, 'சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று. முகாம் மட்டும் போயிருந்தால் எங்கள் கதை இந்த ஒற்றை வரியோடு நின்றிருக்கும். மாத வகுப்பில் அந்தக் காகிதமே மறுமாதப் பாடமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிக் கேள்வி கேட்கப் பழகினோம். இந்தச் சாய்தளத்தின் மதிப்பீட்டு நகலைத் தாருங்கள், வரைபடத்தில் உள்ள சரிவு என்ன, அளவைச் சரிபார்த்தவரின் பதவி என்ன என்று மூன்றே கேள்வி. பதில் தர அவர்களுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் நாம் மேல்முறையீடு செய்யலாம். கவனியுங்கள், அரசாங்கத்தின் கெடுவெல்லாம் மாதக் கணக்கில் இருக்கிறது. மூன்று நாள் முகாமில் ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். பதில் வராத மனுவை என்ன செய்வது என்பதை அங்கே கற்க முடியாது, அதற்குள் பஸ் கீழே இறங்கிவிடும். மாதம் ஒருமுறை கூடும் வகுப்பில் ஒவ்வொரு தடங்கலும் சூட்டோடு சூடாக அலசப்படுகிறது.

எங்களுக்குக் கிடைத்த வரைபடத்தில் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்றுதான் போட்டிருந்தது! அதை எடுத்துக்கொண்டு, டவுனில் வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்துக்குப் போனோம். ஒரு பொறியாளர் வந்து சாக்பீஸால் கோடு போட்டு அளந்துவிட்டுப் போயிருக்கிறார். வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, தம்பி விடுவதாக இல்லை.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பயன்படும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு 6 கிராம சபை. எட்டு மாதப் பயிற்சிக்குள் எப்படியும் மூன்று, நான்கு கூட்டம் வந்துவிடும். வகுப்பில் ஒத்திகை, கிராம சபையில் பேச்சு, மறு வகுப்பில் என்ன நடந்தது என்ற விசாரணை. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பார்வையற்ற அண்ணன் ஒருவர் முதல் கூட்டத்தில் எழுந்து பெயரை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அடுத்த கூட்டத்தில் அவர் கேட்ட கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் நடப்பதற்கும் அந்த ஒரு மாதம் வேண்டும். பாதுகாவலர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலரை நியமிக்கலாம். பிள்ளைக்கு 18 வயதானால் இந்த நியமனத்தைக் கட்டாயம் வாங்கியே ஆக வேண்டும் என்று பெற்றோர் பலர் தவறாக நினைக்கிறார்கள். எங்கள் வகுப்பில் பெற்றோருக்குத் தனியாகவும் பிள்ளைகளுக்குத் தனியாகவும் இதை நடத்தினார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று அனுப்பினார்கள். பாதுகாவலர் மனுவோடு வந்திருந்த ஓர் அம்மா மறுமாதம் மனு இல்லாமல் வந்தார். மகள், தன் பெயரில் முதலில் பேங்க் கணக்குத் தொடங்கித் தரச் சொல்லிவிட்டாளாம். பாதுகாவலர் வேண்டுமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பேச்சு ஓர் இரவில் முடிகிற பேச்சு இல்லை.

மாத வகுப்பிலும் குறை உண்டு. நடுவில் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். ஒரு மாதம் காய்ச்சல், மறுமாதம் கல்யாணம் என்று இரண்டு வகுப்பு விட்டால் மூன்றாவதற்கு வரக் கூச்சம். போக்குவரத்தும் ஒவ்வொரு தடவையும் பாடுதான். சாதாரண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021-லிருந்து பயணம் இலவசம். வீல்சேரோடு அந்தப் படியில் ஏற முடியாதே, ஆட்டோதான். ராத் தங்கிப் பேசும் நெருக்கமும் இதில் வராது.

ஜூம் வகுப்பைப் பற்றி எனக்கு அனுபவம் குறைவு. சில மாலைகள் கேட்டிருக்கிறோம், அவ்வளவுதான். சட்டம் தெரிந்துகொள்ள நன்றாக இருந்தது, விட்டதைத் திரும்பக் கேட்கலாம். பார்வையற்ற நண்பர்கள் அதை விரும்புகிறார்கள். காது கேளாத தோழி ஒருத்தி, சைகை மொழிபெயர்ப்பாளரின் கட்டம் செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் தெரிகிறது என்றாள். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு அதை விட்டால் வேறு வழியே இல்லை. அதனால் அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எதில் சேர்வதானாலும் பணம் கட்டும் முன் நடத்துபவர்களிடம் கேளுங்கள். கழிப்பறைக் கதவின் அகலம் என்ன? வீட்டில் விட்டுவரும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் செலவு தருவார்களா? வகுப்பு முடிந்தபின் போன் போட்டு, "மனு என்ன ஆச்சு?" என்று கேட்கப்போவது யார்? கடைசிக் கேள்விக்குப் பதிலாக ஒருவரைக் கைகாட்ட முடிந்தால், அது ஏற்காட்டு முகாமாகவே இருந்தாலும் தாராளமாகப் போங்கள்.

ஏற்காட்டு மலையிலேயே இருப்பவர்களுக்கு நான் சொன்ன கணக்கு தலைகீழ். நாகலூர், வெள்ளக்கடை, மஞ்சக்குட்டைப் பக்கத்துக் குடும்பங்கள் மாதாமாதம் 20 வளைவு இறங்கி ஏற வேண்டும் என்றால் இரண்டாவது மாதமே நின்றுவிடும். அவர்களுடைய கூட்டமும் அலுவலகமும் மேலேதான் இருக்கின்றன, மாத வகுப்பும் அங்கேயே வருவதுதான் முறை. அடுத்த சுற்றின் எட்டு வகுப்புகளில் இரண்டையாவது ஏற்காட்டில் படியில்லாத கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று எங்கள் வகுப்பில் படித்தவர்கள் எழுதிக் கேட்டிருக்கிறோம். கட்டடம் பார்க்கப் போகும் குழுவில் தம்பி பெயரும் இருக்கிறது, டேப்பை அவன்தான் எடுத்து வைத்திருக்கிறான்.