ஷீல்டு கேபிளோடு நான்கு வருடம்

நண்பர் ஒருவர் தன் மோட்டாரின் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை (தொடக்கக் கரண்டைக் குறைத்து மோட்டாரைக் கிளப்பும் சாதனம்) கழற்றிவிட்டு டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்னணுச் சாதனம்) மாட்டப் போகிறார். "இருக்கிற கேபிளே போதாதா? மேலே உலோகப் பின்னல் சுற்றிய ஷீல்டு கேபிள்தான் வேணும்னு சொல்றாங்களே, அவ்வளவு அவசியமா?" என்று போனில் கேட்டார். மாற்றிவிடுங்கள் என்று ஒரே வார்த்தையில் சொல்லி வைத்துவிட்டேன். ஆறு வாரத்துக்கு முன்புதான் அந்தக் கேபிளோடு அரை நாள் மல்லுக்கட்டியிருந்தேன், அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. அதனால் நல்லது கெட்டது இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

என்னுடையது 15 கிலோவாட் புளோயர் மோட்டார். பேனலிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்கிறது. நண்பருக்கு முதலில் சொல்ல வேண்டியது ஷீல்டைப் பற்றி அல்ல, கேபிள் அளவைப் பற்றி. ஸ்டார்-டெல்டாவில் ஆறு ஒயர் போகும். ஒவ்வொன்றிலும் லைன் கரண்டில் சுமார் 58 சதவீதம்தான் ஓடும். இந்த மோட்டார் 415 வோல்ட்டில் 28 ஆம்பியர் எடுக்கிறது என்றால் ஒரு ஒயரில் 16 ஆம்பியர்தான். டிரைவ் வந்ததும் மோட்டார் பெட்டிக்குள் டெல்டா லிங்க் (ஆறு முனைகளை ஜோடி ஜோடியாக இணைக்கும் தகடு) போட்டு மூன்று ஒயரில் ஓட்டுவோம், அப்போது முழு 28-ம் அதில்தான் போயாக வேண்டும். பழைய இரண்டு கேபிளில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றில் ஓட்டினால் அது சூடாகும். இதைக் கவனிக்காமல் விட்ட பேனல்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் டிரைவ் மாட்டியபோது அளவைச் சரியாகத்தான் போட்டேன். ஆனால் சாதாரண பிவிசி நாலு கோர் கேபிள். ஒரு வருடம் கழித்து மோட்டாரில் ஊளையிடுவது போல ஒரு சத்தம். பேரிங்கைக் கழற்றிப் பார்த்தால் கிரீஸ் கருத்துப்போயிருந்தது. வெளி வளையத்தின் உட்புறம் முழுக்க, சீப்பின் பல்லை வைத்து அழுத்தியது போல ஒரே இடைவெளியில் குறுக்குக் கோடுகள். டிரைவ் ஒரு நொடிக்குப் பல ஆயிரம் தடவை வோல்டேஜை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதில் ஷாஃப்டில் ஏறுகிற மின்னழுத்தம் பேரிங் வழியாகப் பொறிவிட்டு எர்த்துக்கு இறங்கிய தடம் அது. புதுப் பேரிங்கை மட்டும் மாட்டியிருந்தால் அதுவும் இதே கதிக்கு வந்திருக்கும்.

அப்போதுதான் எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பாலிஎத்திலீன்) இன்சுலேஷன், மூன்று ஃபேஸ், அவற்றுக்கு நடுவே சமமாக மூன்று எர்த் கம்பி, மேலே செம்புப் பின்னல் ஷீல்டு என்று இந்தக் கேபிளை இழுத்தேன். நான்கு வருடம் ஆகிவிட்டது, சத்தமே இல்லை. முழுப் பெருமையையும் கேபிளுக்கே கொடுத்துவிடக் கூடாது. கூடவே இன்சுலேட்டட் பேரிங்கும் போட்டேன், டிரைவ் வெளியீட்டில் ஒரு ஃபில்டரும் வைத்தேன். நீளமான கேபிளில் வோல்டேஜ் எதிரொலித்து, மோட்டார் முனையில் கிட்டத்தட்ட இரட்டிப்பாக நிற்கும். அதை ஷீல்டு தடுக்காது, ஃபில்டர்தான் தடுக்கும்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் வேறு இடத்தில் கிடைத்தது. பக்கத்து கேபிள் டிரேயில் போகும், அழுத்தத்தை அளந்து அனுப்பும் பிரஷர் டிரான்ஸ்மிட்டரின் 4-20 மில்லிஆம்பியர் சிக்னல், மோட்டார் ஓடும்போதெல்லாம் ஆடிக்கொண்டே இருக்கும். கேபிள் மாற்றிய அன்றே அது நேர்கோடாக நின்றுவிட்டது. ரொம்ப நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி கடுப்புக்கு வருகிறேன். இந்தக் கேபிள் வளையாது. ஆறு வாரத்துக்கு முன் டிரைவின் ஃபேன் நின்று, சூடு ஏறி, டிரைவையே மாற்ற வேண்டி வந்தது. புது டிரைவில் டெர்மினல் இருக்கும் இடம் கையகலம். அதற்குள் இந்த விறைத்த கேபிளை நுழைத்து, ஷீல்டையும் முறையாகப் பிடிக்க வேண்டும். சரி, அதோடு மோட்டார் முனையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். பகீரென்றது. முதலில் வேலை செய்தவர் ஷீல்டு பின்னலை வால் மாதிரி முறுக்கி, ஒரு லக் அடித்து, எர்த் போல்ட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பேனல் பக்கம் மட்டும் நான் கூட நின்று பார்த்தேன், அந்தப் பக்கம் போகவில்லை.

மல்டிமீட்டர் வைத்தால் அந்த வால் பூஜ்யம் ஓம்தான் காட்டும். ஆனால் 10 செ.மீ. கம்பிக்கு இண்டக்டன்ஸ் (கரண்ட் வேகமாக மாறுவதை எதிர்க்கும் தன்மை) சுமார் 0.1 மைக்ரோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 6 ஓமுக்கு மேல். டிரைவின் இரைச்சல் இருப்பது அந்த அதிர்வெண்களில்தான். வழி மறிக்கப்பட்டதும் அது வேறு வழி தேடிப் போகும்.

வாலை வெட்டி எறிந்தேன். வெளியுறையைச் சுற்றிலும் வெட்டி எடுத்து, பின்னலைப் பூ மாதிரி விரித்து, சுற்றிலும் கவ்வுகிற கிளாண்டுக்குள் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் உலோகப் பொருத்தி) இறுக்கினேன். கிளாண்ட் நட்டு உட்காரும் இடத்தில் பெயிண்டைப் பளபளவென்று உலோகம் தெரியச் சுரண்டினேன். பெயிண்டின் மேல் உட்கார்ந்தால் எவ்வளவு நல்ல கிளாண்டும் வீண். அப்புறம் இன்னொன்று: வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை டச் ஸ்கிரீனில் கம்யூனிகேஷன் அறுந்துபோகும், சாஃப்ட்வேர் கோளாறு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

டிரைவைத் திறக்கும்போது தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மெயினை நிறுத்திய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 580 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். டிரைவின் மேலேயே எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று ஒட்டியிருப்பார்கள். அது முடிந்த பின்னும் டிசி பிளஸ் மைனஸ் இரண்டுக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வையுங்கள். மோட்டாருக்கு மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) போடுவதற்கு முன் டிரைவ் பக்கத்து ஒயரைக் கழற்றிவிடுங்கள். மோட்டாருக்குப் போகும் யு, வி, டபிள்யூ முனைகளில் மெயின் சப்ளையைக் கொடுத்தால் டிரைவ் அங்கேயே போய்விடும்.

கேபிளில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. செய்யச் சொன்னதைச் செய்கிறது, வாலை முறுக்கிய தவறுகூட அதனுடையது இல்லை. ஆனாலும் அடுத்த மோட்டாருக்கு இதை 40 மீட்டர் இழுக்க மாட்டேன். டிரைவையே மோட்டார் பக்கத்தில் ஒரு பெட்டியில் வைத்து, 5 மீட்டருக்குள் முடித்துக்கொள்வேன். நண்பருடைய இடத்தில் மோட்டார் பக்கம் ஒரே தூசியும் ஈரமும், டிரைவை அங்கே வைக்க வழியில்லை. அவர் வாங்கத்தான் வேண்டும். இரண்டு முனைக்கும் நானே வந்து கிளாண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.