வெள்ளிக்கிழமை மீனும் ஏரிக்காற்றும்: மில்வாக்கியில் பதினொரு ஆண்டுகள்

விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் நான் குடியேறி இந்த இலையுதிர்காலத்தோடு பதினொரு ஆண்டுகள் நிறைவடைகின்றன. சிகாகோவுக்கு வடக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் ஊர் இது. வேலைக்காக இங்கு வரும் தமிழர்களில் பலர் முதல் ஆறு மாதங்களுக்குள்ளாகவே ‘இங்கே சாப்பிடவும் ஒன்றுமில்லை, சுற்றவும் ஒன்றுமில்லை’ என்று முடிவுகட்டிவிட்டு, வார இறுதி வந்தால் சிகாகோவில் இந்தியக் கடைகள் நிறைந்த டெவான் அவென்யூவுக்குக் காரை எடுத்துவிடுகிறார்கள். முதல் ஓராண்டு நானும் அப்படித்தான் இருந்தேன். பெயர்பெற்ற இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்த நாளில் போனேன்; பாதி இடங்கள் என்னை ஏமாற்றின. அதே இடங்களுக்கு உரிய கிழமையிலும் உரிய பருவத்திலும் போகத் தொடங்கிய பிறகுதான் இந்த ஊர் எனக்குப் பிடிபட்டது. கோயிலுக்குத் திருவிழா நாள் பார்த்துப் போவதைப்போல மில்வாக்கிக்கும் நாள் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வெள்ளிக்கிழமையைச் சொல்ல வேண்டும். வெள்ளி மாலை மில்வாக்கியில் மீன் வறுவல் மாலை. மதுக்கூடம், உணவகம், தேவாலயத்தின் கூடம் என்று எங்கு பார்த்தாலும் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன், முட்டைக்கோஸ் கலவை, வெண்ணெய் தடவிய ரை ரொட்டி, எலுமிச்சைத் துண்டு, டார்ட்டர் சாஸ் ஆகியவை ஒரே தட்டில் வரும். கூடவே வறுத்த உருளைக்கிழங்கு வேண்டுமா, உருளைக்கிழங்கு அடை வேண்டுமா என்று கேட்பார்கள். அடையைக் கேட்பதே சரி. துருவிய கிழங்கை வெங்காயத்தோடு சேர்த்து, ஓரம் மொறுமொறுப்பாகும்வரை சுட்டு, ஆப்பிள் மசியலுடன் தருவார்கள். அந்த இனிப்பு முதலில் விநோதமாகப்படும். அடைக்கு வெல்லம் தொட்டுச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இரண்டாவது வாயிலேயே பழகிவிடும்.

இந்த வழக்கத்தின் வேர் இங்கு குடியேறிய ஜெர்மானிய, போலந்துக் கத்தோலிக்கர்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இறைச்சி கூடாது, மீன் கூடும் என்பது அவர்களுடைய நோன்பு. 1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு இருந்தபோது, பீர் விற்க முடியாமல் போன மதுக்கூடங்கள் ஆட்களை வரவழைக்கக் கையில் எடுத்தவற்றில் மலிவான ஏரி மீனும் ஒன்று. அப்போது தட்டில் இருந்தது மிச்சிகன் ஏரியின் மஞ்சள் பெர்ச். 1990களில் அந்த மீன்வளம் சரிந்து, விஸ்கான்சின் பக்கத்தில் அதன் வணிக மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. ஆகவே இன்று பெர்ச் கேட்டால் கிடைக்கும் மீன் பெரும்பாலும் வேறு ஏரியிலிருந்து வருவது. விலையும் காட் மீனைவிடக் கூடுதல். ஆனாலும் என்னைக் கேட்டால், பெர்ச் இருக்கும் இடத்தில் காட் வாங்க வேண்டாம் என்பேன். சிறிய, மெல்லிய துண்டுகள். மாவும் மெல்லியதாகவே ஒட்டியிருக்கும். மீனின் இனிப்பு மறையாது.

என் தாயார் முதன்முறையாக இங்கு வந்தபோது இந்த வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, சட்டியில் கவிச்சி ஏறாத நாள். அவரோ எந்த நாளிலும் சைவம். சற்று நேரம் யோசித்துவிட்டு, “அவங்களுக்கும் வெள்ளிக்கிழமை விரதந்தான், மீனை மட்டும் காய்கறிக் கணக்குல சேத்துட்டாங்க” என்றார். இந்த ஊர் வெள்ளிக்கிழமையை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சைவ உணவுக்காரர்களை அழைத்துச் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓர் உணவகத்தில், கிழங்கு அடையில் இறைச்சி எதுவும் இல்லை என்று பரிமாறியவர் உறுதி சொன்னதால் என் தாயார் இரண்டு அடைகள் சாப்பிட்டார். மீன் பொரித்த அதே எண்ணெயில்தான் அதையும் பொரித்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்றிரவு அவர் வேறு எதுவும் சாப்பிடவில்லை என்பதை நான் மறக்கவில்லை. ‘இதில் இறைச்சி இருக்கிறதா’ என்ற கேள்வி போதாது. ‘எந்த எண்ணெய், எந்தக் கல்’ என்று கேளுங்கள். தோசைக்கல் போன்ற தனிக் கல்லில் அடை சுடும் இடங்களும் இருக்கின்றன. கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள். அடையில் முட்டை சேர்ப்பதும் பரவலான வழக்கம். நேரத்தைப் பொறுத்தவரை, ஆறரை மணிக்குப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க நேரிடும். நாங்கள் இப்போது நாலரை மணிக்கே போய்விடுகிறோம். ஒரு முறையாவது இசையோடு சாப்பிட வேண்டும் என்று விரும்புவோருக்கு லேக்ஃபிரண்ட் பீர் ஆலையைச் சொல்வேன். ஆற்றங்கரையில், பழைய நிலக்கரி மின்நிலையக் கட்டடத்தில் இயங்கும் அதன் நீண்ட கூடத்தில், போல்கா இசைக்குழு வாசிக்க, எழுபது வயதுத் தம்பதியர் மேசைகளுக்கு நடுவே எழுந்து ஆடியதைப் பார்த்தபடி மீன் தின்றது என்னுடைய நல்ல மாலைகளில் ஒன்று.

அடுத்தது ஃபுரோசன் கஸ்டர்ட். இதை ஐஸ்கிரீம் என்று சொன்னால் இந்த ஊரார் பொறுமையாகத் திருத்துவார்கள். கஸ்டர்ட் என்ற பெயரில் விற்க, பால் கொழுப்பு 10 சதவீதத்தோடு முட்டை மஞ்சள் கருவின் திடப்பொருள் குறைந்தது 1.4 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. அதைவிட முக்கியம், அதில் காற்று மிகக் குறைவு. வழக்கமான ஐஸ்கிரீமைவிடச் சற்றே குறைந்த குளிரில், அன்றன்று கடைந்து தருவார்கள். அதனால் நாக்கு மரத்துப்போகாமல் முழுச் சுவையும் தெரியும். கையில் வாங்கினால் கனம் தெரியும். நியூயார்க் கடற்கரையில் தோன்றிய இந்தப் பண்டம் 1933 சிகாகோ உலகக் கண்காட்சி வழியாக மத்திய மேற்குக்குப் பரவியது என்பார்கள், வேரூன்றியதோ மில்வாக்கியில். கில்லெஸ் 1938 முதலும், லியான்ஸ் 1942 முதலும், காப்ஸ் 1950 முதலும் இயங்குகின்றன.

மூன்று கடைகளிலும் பல முறை சாப்பிட்டிருக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன்: வெனிலாவுக்கு லியான்ஸ், அன்றாடம் மாறும் சுவைகளுக்குக் காப்ஸ். லியான்ஸில் உள்ளே உட்கார இடம் கிடையாது. நியான் விளக்குகளின் கீழ் சாளரத்தில் வாங்கி, நின்றபடியோ காரில் அமர்ந்தோ சாப்பிட வேண்டும். சனவரியிலும் அங்கு ஆள் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வெண்ணெயில் வறுத்த பிகான் பருப்பு சேர்ந்த கஸ்டர்டில், உப்பும் இனிப்பும் ஒன்றை ஒன்று விழுங்காமல் நிற்கும். காப்ஸில் மாதம் முழுவதற்குமான சுவைகளை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய நாட்களை வட்டமிட்டு வைப்பார்கள். அங்கு வெண்ணெய் மிகுந்த பர்கரும் பெயர்பெற்றது, எனினும் நான் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதால் அதைப்பற்றிக் கருத்துச் சொல்ல மாட்டேன். முட்டை தவிர்க்கும் உறவினர்களிடம் கஸ்டர்டில் முட்டை இருப்பதை வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். நிறத்தையோ சுவையையோ வைத்து அவர்களால் கண்டுபிடிக்க முடியாது.

பாலைப்பற்றிப் பேசும்போது சீஸ் கர்டையும் சொல்லியாக வேண்டும். கட்டியாக அழுத்துவதற்கு முன் இருக்கும் சிறு சிறு செடார் துண்டுகள் இவை. புதியதாக இருந்தால் பல்லில் பட்டவுடன் ‘கீச்’ என்று ஓசை எழும். பாலின் புரதம் இறுக்கமான வலையாக இருக்கும்வரைதான் அந்த ஓசை. இரண்டு மூன்று நாட்களில் வலை தளர்ந்து ஓசையும் அடங்கிவிடும். சில நொடிகள் மைக்ரோவேவில் வைத்தால் ஓரளவு திரும்பும், ஆனால் முதல் நாள் சுவைக்கு ஈடாகாது. வாக்கர்ஸ் பாயின்ட் பகுதியில் 2012இல் தொடங்கிய கிளாக் ஷாடோ கிரீமரி என்ற சீஸ் ஆலையில், ஊருக்கு நடுவிலேயே பால் திரிவதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வாங்கியிருக்கிறேன். பக்கத்து மணிக்கூண்டின் நிழல்தான் அந்தப் பெயருக்குக் காரணம். பொரித்த கர்ட் எல்லா உணவகங்களிலும் கிடைக்கும்; சூடு ஆறினால் ரப்பராகிவிடும் என்பதால் பொட்டலமாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதில் பயனில்லை.

பானங்களில் இந்த நகரின் பெயர் பீரோடு பிணைந்தது. பாப்ஸ்ட், ஷ்லிட்ஸ், பிளாட்ஸ், மில்லர் எல்லாமே 19ஆம் நூற்றாண்டில் இங்கு எழுந்தவை. நான் அதிகம் குடிப்பவனல்லன். ஆயினும் பீர் தோட்டங்களை விடாமல் பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கு குடிப்பது இரண்டாம் பட்சம். எஸ்டாபுரூக் பூங்காவில் ஆற்றை ஒட்டிய மேட்டில், 2012இல் திறக்கப்பட்ட தோட்டத்தில் நீண்ட மர மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். உங்கள் உணவை நீங்களே கொண்டுவரலாம் என்பதுதான் நமக்கு வசதி. புளிசாதமும் உருளை வறுவலும் எடுத்துச் சென்று, அவர்களுடைய பெரிய உப்பு பிரெட்சல் ரொட்டியைப் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். மேசையின் மறுமுனையில் இருந்தவர்களுக்கும் புளிசாதம் போயிருக்கிறது. பிள்ளைகள் புல்வெளியில் ஓடுவார்கள். யாரும் எழுந்து போகச் சொல்ல மாட்டார்கள். மது வேண்டாதவர்களுக்குக் கிளென்டேலில் ஸ்பிரெச்சர் காய்ச்சும் ரூட் பீர் உண்டு. தேன் சேர்ந்தது, மது இல்லாதது. ரூட் பீரில் பொதுவாகவே வரும் வின்டர்கிரீன் மணம் முதல் மிடறில் மூட்டுவலித் தைலத்தை நினைவூட்டும். மூன்றாவது முறை குடிக்கும்போது எனக்கு நன்னாரி நினைவு வந்தது, அதன்பின் பிடித்துப்போயிற்று.

வெளியே போவதைப் பொறுத்தவரை, ஏரி வைத்ததுதான் சட்டம். உள்ளூர் வானிலை அறிவிப்பில் ‘ஏரியோரம் குளிர் கூடுதல்’ என்ற தொடர் அடிக்கடி வரும். அதை வெறும் சொல்லாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர்காலம் முடிந்தும் ஏரி நீர் வெகுநாள் சில்லிட்டே இருப்பதால், கிழக்குக் காற்று திரும்பினால் ஜூன் நண்பகலிலும் கரையில் மேற்சட்டை தேவைப்படும். அதே நேரத்தில் பத்து மைல் மேற்கே மக்கள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள். என் தாயார் ஜூன் முதல் வாரத்தில் வந்து பிராட்ஃபோர்டு கடற்கரையில் என் கம்பளிக் குல்லாயைப் போட்டுக்கொண்டு நின்றார். ‘கடற்கரை’ என்றே எழுதிவிட்டேன். மறுகரை தெரியாத, அலையடிக்கும் நீரை ஏரி என்று சொல்ல எனக்கு இன்னும் கை வருவதில்லை. உப்பு வாடை இல்லாதது மட்டுமே குறை. கரைக்கு மேலே உள்ள லேக் பார்க், பிரெடரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்தது. அதன் ஓடைப் பள்ளங்களும் பாலங்களும் காலை நடைக்கு ஏற்றவை.

கலை அருங்காட்சியகத்தின் மீது சாந்தியாகோ கலத்ராவா அமைத்த, 217 அடி அகலம் விரியும் வெண்சிறகுகள் நண்பகலில் ஒரு முறை மடங்கி விரிவதைப் பார்க்கக் கட்டணம் தேவையில்லை, வெளியே நின்றாலே போதும். காற்று பலமாக இருந்தால் சிறகை மூடிவிடுவார்கள் என்பதால் அமைதியான நாளில் போக வேண்டும். 1968 முதல் நடக்கும் சம்மர்ஃபெஸ்ட் இசை விழா எனக்கு ஒத்துவரவில்லை. கூட்டமும் ஓசையும் அளவுக்கு மிஞ்சியவை. ஊர் நடுவே உள்ள பப்ளிக் மார்க்கெட் மழை நாளுக்கு உதவும், அவ்வளவுதான்.

குளிர்காலத்துக்கு என்னிடம் ஒரே ஒரு பரிந்துரைதான், ஆனால் அதை மிகுந்த அன்போடு சொல்கிறேன்: மிட்செல் பூங்காவின் மூன்று கண்ணாடிக் குவிமாடங்கள். 1959இல் கட்டத் தொடங்கி 1967இல் முடித்தார்கள். ஒவ்வொன்றும் 85 அடி உயரம். ஒன்றில் பாலைவனச் செடிகள், ஒன்றில் பருவந்தோறும் மாறும் மலர்க் காட்சி, மற்றொன்றில் வெப்பமண்டலக் காடு. 2016இல் மேலிருந்து கான்கிரீட் துண்டு விழுந்து சில மாதங்கள் மூடியிருந்தபோது, இடித்துவிடுவார்களோ என்று உண்மையாகவே அஞ்சினேன். பிப்ரவரியில், வெளியே மூக்கு நுனி உணர்விழந்த நிலையில், அந்தக் காட்டுக் குவிமாடத்தின் கதவைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி முழுக்கப் பனித்துவிடும். பார்வை திரும்புவதற்கு முன்பே ஈர மண்ணின் வாசனை வந்துவிடும். பிறகு வாழை தெரியும், கோகோ மரம் தெரியும். நான்கு மாதமாகப் பச்சையைப் பார்க்காத கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இங்கு ஒரு குளிர்காலம் கழித்தவர்கள் அறிவார்கள். நான் அங்கு வாழை மரத்துக்கு எதிரே உள்ள இருக்கையில் ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன்.

நல்ல தென்னிந்தியச் சிற்றுண்டிக்கு இன்றும் டெவான் அவென்யூவை நான் விட்டுவிடவில்லை; மாதம் ஒரு முறை மளிகைக்குப் போகும்போது அங்கேயே சாப்பிட்டு வருகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை அங்கு போவதில்லை. என் தாயார் அடுத்த ஆண்டு மீண்டும் வருகிறார். இந்த முறை ஜூலை நடுவில் வந்து அக்டோபர் முதல் வாரத்தில் திரும்பும்படி பயணச்சீட்டு எடுத்திருக்கிறேன். தனிக் கல்லில் அடை சுடும் இடம் எது என்பதையும் இப்போதே கேட்டுக் குறித்து வைத்துவிட்டேன்.