புனலூரா, நுவரெலியாவா: 1964 ஒப்பந்தம் தந்த இரு குடியுரிமைகள்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் கேரளத்துக்குள் இறங்கும் எங்கள் எல்லைப் பகுதியில், புனலூரை அடுத்த குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டும் தமிழ்க் குடும்பங்கள் பல, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவை. இவர்களுக்காகவே 1976-இல் மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து புனலூரைத் தலைமையிடமாகக் கொண்ட மறுவாழ்வுத் தோட்ட நிறுவனத்தைத் தொடங்கின. இவர்களுடைய உறவினர்களில் ஒரு பகுதியினர் இலங்கையின் மலைநாட்டு ஊர்களான ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பதுளையிலும் தங்கிவிட்டனர். வந்தது சரியா, இருந்திருக்கலாமா என்ற கேள்வி இக்குடியிருப்புகளின் முதியவர்களிடம் இன்றும் உயிரோடு இருப்பதால், இரண்டு குடியுரிமைகளும் நடைமுறையில் எந்த உரிமைகளைத் தந்தன என்பதை அருகருகே வைத்துப் பார்ப்பது அவசியம்.

1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ தந்தைவழி முன்னோரோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் இதனால் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்த ஒப்பந்தம், நாடற்றவராயிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அம்மக்களின் விருப்பம் கேட்கப்படும் முன்பே எண்ணிக்கை முடிவாகிவிட்டது என்பதை மறந்துவிட்டு இதைத் 'தெரிவு' என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்வதாகாது. 1970-களின் உணவுத் தட்டுப்பாடும், 1977-லும் 1983-லும் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைகளும் பலரை இந்தியப் பக்கம் தள்ளின.

வாக்குரிமையை முதலில் எடுத்துக்கொள்வோம். இந்தியக் குடியுரிமை பெற்று வந்தவர் உரிய வயதை எட்டியிருந்தால், வசிக்கும் ஊரின் வாக்காளர் பட்டியலில் சேர முடிந்தது. இலங்கையில் அது மெதுவாகவே வந்தது. பதிவுக் குடிமக்களுக்கும் (விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர்கள்) வம்சாவளிக் குடிமக்களுக்கும் (பிறப்புவழியாகப் பெற்றவர்கள்) இடையே இருந்த வேறுபாடு 1978 அரசியலமைப்பில்தான் நீங்கியது. நாடற்றவருக்குக் குடியுரிமை வழங்க வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னும் மிச்சமிருந்த நாடற்றவர் சிக்கலை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தீர்க்க வேண்டியிருந்தது. ஆயினும், விரைவாகக் கிடைத்த வாக்கு வலிமையான வாக்காக அமையவில்லை. இலங்கையின் தேயிலைத் தோட்ட மலைப்பகுதியான மலையகத்தில் ஒரே பரப்பில் திரண்டு வாழ்ந்தவர்கள் தொழிற்சங்கத்தையே அரசியல் கட்சியாக்கி, 1978-இல் அதன் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானை அமைச்சரவைக்கு அனுப்பினர். இந்தியாவுக்கு வந்தவர்களோ நீலகிரி, கர்நாடகம், ஆந்திரம், புனலூர் எனச் சிதறியதால் எந்தத் தொகுதியின் முடிவையும் மாற்றும் எண்ணிக்கையாகத் திரள முடியவில்லை. என் பார்வையில், இந்தியா செய்த மறுவாழ்வின் பெருங்குறை இந்தச் சிதறல்தான். வேலையும் கூரையும் தந்த திட்டங்கள், ஒரு சமூகமாக நிற்கும் வாய்ப்பைத் தரவில்லை.

மொழியில் நிலைமை எதிர்பார்ப்புக்கு மாறானது. இலங்கையில் 1987-இன் 13-ஆம் திருத்தம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. நடைமுறை எவ்வளவு குறையுடையதாயினும், அங்குள்ள மலையகத் தமிழர் தம் மொழியில் அரசிடம் பேசுவதற்கு நாட்டின் அரசியலமைப்பே ஆதாரம். கேரளத்துக்கு வந்தவரோ மொழிச் சிறுபான்மையினர். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடமளிக்கிறது. தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவும் சொல்கிறது. தேவிகுளம், பீர்மேடு போன்று தமிழர் செறிந்த வட்டங்களிலேயே இவ்வுரிமைகளைக் கேட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருக்க, ரப்பர்க் காடுகளுக்கு நடுவே சில குடியிருப்புகளாக வாழ்வோரின் குரல் எவ்வளவு எட்டும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தியப் பக்கத்தில் மட்டுமே எழும் சிக்கல் ஒன்றுண்டு. அரசுப் பணியில் சம வாய்ப்பு, தொழில் செய்யும் உரிமை, நாட்டின் எப்பகுதியிலும் குடியேறும் உரிமை ஆகியவை குடிமகனுக்கு உண்டு. ஆனால் பட்டியல் சாதியினருக்கான இடஒதுக்கீடு மாநிலத்தைப் பொறுத்தது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வசித்தது என்பதே அடிப்படை. அந்நாளில் கண்டிச் சீமையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவரின் பேரப்பிள்ளை, கொல்லம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தும், கேரளத்தில் எந்த ஊரைச் சொல்லிச் சான்றிதழ் கேட்பது? தலைமுறைகளுக்கு முன் திருநெல்வேலியிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கிளம்பிய முன்னோரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் இருக்கலாம். முழுக் குடிமகனாக இருந்தும், மிகத் தேவையான உரிமை கைக்கெட்டாமல் போகும் இந்நிலையை மாநில அரசு தனி ஆணையால் ஓரளவேனும் தளர்த்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிலத்தில் இரு தரப்பும் தோற்றவர்களே. இலங்கையில் லயத்து அறைகள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், தோட்டத்துக்கே சொந்தம். இந்திய உதவியோடு கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு 7 பேர்ச் நிலம், நம் கணக்கில் 4 சென்ட்டுக்குச் சற்றே மேல். புனலூரில் நிறுவனக் குடியிருப்பு வேலையோடு பிணைந்தது.

எந்தப் பக்கமும் முழுமையாகச் சேராதவர் நிலைதான் மிகக் கொடியது. இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும், இலங்கை உள்நாட்டுப் போரால் 1984-இல் இராமேசுவரம் - தலைமன்னார்க் கப்பல் நின்றதால் இலங்கையிலேயே தங்கிவிட்டோர் பல்லாயிரம். 1983-க்குப் பின் அகதிகளாகத் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்த மலையகத் தமிழர் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதப்படுகின்றனர். அதனால் பதிவு வழியாகக் குடியுரிமை கேட்கும் வாயில் அடைபட்டுள்ளது. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இலங்கை அதில் இல்லை. அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இம்மக்கள் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்றும் அரசு அவ்விண்ணப்பங்கள்மீது முடிவெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 1964 ஒப்பந்தப்படி இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்ட மக்களின் வழித்தோன்றல்களும் அவர்களில் உள்ளனர் என்பதால், அக்கோரிக்கையைச் சலுகையாகப் பார்க்காமல் நிலுவையிலுள்ள கடமையாகவே தில்லி பார்க்க வேண்டும்.