வேர்ட் ஃபைல வெப் பேஜா மாத்த பாண்டாக்: படம் நிறைய இருந்தா யோசிச்சுக்கங்க

ஃப்ரெண்டு ஒருத்தன் கேட்டான், "மாப்ள, வேர்ட் டாக்குமென்ட் எல்லாத்தையும் ஹெச்டிஎம்எல்லா மாத்தணும், நீ பாண்டாக் தான யூஸ் பண்ற, எப்படிடா இருக்கு"ன்னு. வாட்ஸ்அப்ல பதில் அடிக்க ஆரம்பிச்சா முடியவே மாட்டேங்குது, அதான் இங்கயே போட்டுடறேன். நான் ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் சப்போர்ட்ல இருக்கேன், யூசர் மேனுவல் எல்லாம் வேர்ட்ல தான் வரும், பக்கத்துக்கு ரெண்டு ஸ்க்ரீன்ஷாட், அது மேல சிவப்பு அம்பு, பட்டனைச் சுத்தி ஒரு வட்டம். அதையெல்லாம் வெப்ல ஏத்துறது என் தலையில.

பாண்டாக்னா என்னன்னு விளக்கப் போறதில்ல. ஒரு வகை டாக்குமென்ட இன்னொரு வகையா மாத்துற சாஃப்ட்வேர், ஃப்ரீ, கமாண்ட் லைன் (பட்டன் கிடையாது, கட்டளைய டைப் பண்ணி ஓட்டணும்), 2006-ல ஜான் மெக்ஃபார்லேன்னு ஒரு தத்துவப் பேராசிரியர் ஆரம்பிச்சது, அவ்ளோ போதும். எழுத்து விஷயத்துல குறையே சொல்ல மாட்டேன். தலைப்பு தலைப்பா வருது, டேபிள் டேபிளா வருது, வேர்ட்லயே வெப் பேஜா சேவ் பண்ணா வரிக்கு வரி ஒட்டிக்கிட்டு வர்ற எம்எஸ்ஓ குப்பை, அதான் வேர்ட் தானா சேக்குற தேவையில்லாத ஸ்டைல் கோட், ஒண்ணு கூட கிடையாது.

படம்னு வந்தா தான் ரத்தக்கொதிப்பு.

எக்ஸ்ட்ராக்ட் மீடியான்னு ஒரு ஆப்ஷன் குடுத்தா டாக்குமென்டுக்குள்ள இருக்குற படத்தையெல்லாம் தனி ஃபோல்டர்ல எடுத்து வெச்சுடும். நல்ல விஷயம் தான். வேர்டோட டாக்எக்ஸ் ஃபைலே ஒரு ஜிப் தானே, எக்ஸ்டென்ஷன ஜிப்னு மாத்தி திறந்து பாருங்க, வேர்ட்ங்கற ஃபோல்டருக்குள்ள மீடியான்னு ஒண்ணு இருக்கும், படமெல்லாம் அங்க தான் கிடக்கும். பாண்டாக் அதை அப்படியே தூக்கிட்டு வருது. பிரச்சனையே இந்த 'அப்படியே' தான்.

ஒரு மேனுவல்ல எழுதினவரு ஸ்க்ரீன்ஷாட்ட க்ராப் பண்ணி இன்வாய்ஸ் விண்டோவ மட்டும் காட்டியிருந்தாரு. வேர்ட்ல க்ராப்ங்கறது சும்மா மறைக்கிறது மட்டும் தான், முழுப்படம் உள்ளயே இருக்கும். பாண்டாக் க்ராப்ப கண்டுக்கவே கண்டுக்காது, ஆனா நீள அகலத்த மட்டும் க்ராப் பண்ண அளவுல இருந்து எடுத்துக்கும், அதனால முழு ஸ்க்ரீனும் சின்ன கட்டத்துக்குள்ள நசுங்கி வந்து நிக்குது, கீழ டாஸ்க்பார், மேல அவரு திறந்து வெச்சிருந்த மேட்ரிமோனி டேப் உட்பட. கஸ்டமருக்கு போறதுக்கு முன்னாடி கண்ல பட்டுச்சு, இல்லன்னா அந்த மனுஷன் கல்யாணம் ஊருக்கே தெரிஞ்சிருக்கும்.

அம்பு, வட்டம் எல்லாம் அதுக்கு மேல. அதெல்லாம் படம் இல்ல, வேர்ட் வரையுற ஷேப், மீடியா ஃபோல்டர்ல ஃபைலாவே இருக்காது. அதனால பாண்டாக் சத்தம் காட்டாம விட்டுட்டு போயிடும். "அம்புக்குறி காட்டும் பட்டனை அழுத்தவும்"னு எழுத்து மட்டும் ஜம்முனு நிக்கும், அம்பு எங்கன்னு கஸ்டமர் ஃபோன் பண்ணுவாரு. சார்ட்டாவது தேவல, படம் வராட்டியும் அந்த இடத்துல அடைப்புக்குறி போட்டு சார்ட்னு எழுதியாவது வைக்கும். எக்ஸல்ல இருந்து ஒட்டினது இஎம்எஃப்பா (விண்டோஸோட ஒரு பட ஃபார்மேட்) இருந்தா ஃபைல் வரும், ஆனா எந்த ப்ரவுசரும் அதை காட்டாது, லிப்ரே ஆபீஸ்லயோ இங்க்ஸ்கேப்லயோ போட்டு பிஎன்ஜியாவோ எஸ்விஜியாவோ மாத்தணும்.

சரி அப்போ வேர்ட்லயே 'வெப் பேஜ், ஃபில்டர்ட்'னு சேவ் பண்ணிடலாமேன்னா, நியாயமா சொல்லணும், அது அம்பையும் காப்பாத்தும் க்ராப்பையும் காப்பாத்தும். டிராயிங் கேன்வாஸ் போட்டு அதுக்குள்ள வரைஞ்சிருந்தா எல்லாத்தையும் சேத்து ஒரே படமா குடுத்துடும். ஆனா வெப் ஆப்ஷன்ஸ்ல இஞ்சுக்கு 96 பிக்சல்னு வெச்சிருக்கும், 1920 பிக்சல் ஸ்க்ரீன்ஷாட்ட 6 இஞ்சு அகலத்துல வெச்சிருந்தீங்கன்னா வெளிய வர்றது 576 பிக்சல். மெனுவுல என்ன எழுதியிருக்குன்னு பூதக்கண்ணாடி வெச்சாலும் தெரியாது. ஆக வேர்ட் படத்தோட தோற்றத்த காப்பாத்துது, பாண்டாக் படத்தோட ஃபைல காப்பாத்துது, ரெண்டையும் சேத்து காப்பாத்த ஆள் இல்ல.

இப்ப நான் பண்றது என்னன்னா, எழுத்துக்கு பாண்டாக், சிக்கலான படத்துக்கு பிடிஎஃப். வேர்ட்ல இருந்து பிடிஎஃப் எடுத்தா அம்பு, க்ராப், சார்ட் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கும், அந்த பக்கத்த 200 டிபிஐல (இஞ்சுக்கு 200 பிக்சல்) பிஎன்ஜியா மாத்தி வேணுங்கற துண்ட வெட்டி பழைய படத்துக்கு பதிலா வெச்சுடுவேன். வேலை தான், அதுவும் மேனுவல் பெருசா இருந்தா அன்னிக்கு சாயங்காலம் போச்சு. க்ராப் மட்டும் தான் தொல்லைன்னா இவ்ளோ வேணாம், கம்ப்ரஸ் பிக்சர்ஸ்ல 'டிலீட் க்ராப்டு ஏரியாஸ்'னு இருக்குறத டிக் பண்ணி சேவ் பண்ணாலே போதும், ஆனா அதே பெட்டியில இமெயில் 96-ன்னு செலக்ட் ஆகியிருக்கான்னு பாத்துக்கங்க, ஆகியிருந்தா படத்த இஞ்சுக்கு 96 பிக்சலா சுருக்கிடும், ஒரிஜினலே போச்சு, திரும்ப வராது.

கூகுள் டாக்ஸ்ல ஏத்தி எடுக்கலாம்னு சில பேரு சொல்றாங்க. ஆபீஸ் டாக்குமென்ட் பாஸ், எங்க மேனேஜர் விட மாட்டாரு.

ஆக மாப்ள, படம் அதிகம் உள்ள டாக்குமென்டுக்கு பாண்டாக் வேணாம், நேரம் தான் வீண். நான் பாண்டாக்க விட்டு மாறுவேனான்னு கேக்காத, மாட்டேன், அந்த சுத்தமான ஹெச்டிஎம்எல்ல பாத்து பழகினவன் திரும்ப எம்எஸ்ஓ குப்பையில கைய வைக்க மாட்டான். நீ இறங்குறதா இருந்தா மொதல்ல எழுதுறவங்கள பிடி. அம்பு வேணும்னா ஸ்க்ரீன்ஷாட் எடுக்குறப்பவே பெயின்ட்ல போட்டு, அங்கயே வெட்டி, பிஎன்ஜியா வேர்ட்ல சேக்க சொல்லு. எங்காளுங்க கிட்ட சொல்லியாச்சு, தலைய ஆட்டிட்டு இன்னும் வேர்ட்ல தான் வட்டம் போட்டுக்கிட்டு இருக்காங்க.